கழுத்தில் கிடந்த ஒயர்

பேய் பிசாசெல்லாம் இருட்டில்தான் வரும் என்று எவன் சொல்லி வைத்தானோ தெரியவில்லை. அவள் அந்தப் பழைய வீட்டின் முன் வண்டியை நிறுத்தியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் குடும்பம் குடியிருந்த வீடு அது. இப்போது வீடு கட்டி விற்கிற கம்பெனி ஒன்றின் ஆபீஸ். கூடத்தில் ரிசப்ஷன் மேஜை, பெரிய படுக்கையறையில் மேனேஜர். பின்கட்டில் சமையலறையாக இருந்த இடத்தில் கலர் லேசர் பிரிண்டரை வைத்திருந்தார்கள். அடுப்பு மேடையைக்கூட இடிக்கவில்லை. அதன்மேல் பேப்பர் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மேடையை ஒட்டி, இடுப்புயரத்துக்கு அந்த மெஷின்.

அவள் பிரிண்டர் மெக்கானிக். போன வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய அண்ணன் செத்துக் கிடந்தான்.

இது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. "சர்வீஸுக்கு வந்திருக்கேன்" என்றாள், அவ்வளவுதான். ரிசப்ஷனில் இருந்த அக்கா அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே வழி காட்டினாள். சமையலறை வாசலோடு நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் ஒரே தொழில். ஒரே கடையில் சேர்ந்து கற்றுக்கொண்டு, ஊரைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சர்வீஸ் பார்த்தார்கள். அண்ணனுக்கு ஒரு பழக்கம். மெஷினைத் திறப்பதற்கு முன்னால் பவர் ஒயரைச் சுவரிலிருந்தும் பிடுங்கி, மெஷினிலிருந்தும் உருவி, முழுசாகக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வான். வேலை முடிகிறவரை கழுத்திலேயே தொங்கும். "ஒயர் என் கழுத்துல இருக்கிற வரைக்கும் எவனும் என்னைக் கொல்ல முடியாது" என்பான். மற்ற மெக்கானிக்குகள் அவனுக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டாக்டர் வந்துட்டாருப்பா, ஸ்டெதஸ்கோப்பைப் பாரு!" அவளையும் விடவில்லை. அவளுக்கு நர்ஸ் பட்டம். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், ஆனாலும் அவளும் ஒயரைக் கழுத்தில்தான் போட்டாள்.

அப்படிப்பட்டவன் ஒயரைக் கழற்றாமல் மெஷினுக்குள் கை வைத்துச் செத்தானாம். மேனேஜர் அப்படித்தான் சொன்னான், போலீஸும் அப்படித்தான் முடித்தது. மெஷினில் ஒயர் மாட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கவனக்குறைவு. ஒரே வார்த்தை.

அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணி அழவே இல்லை. திட்டினாள். சோறு வடிக்கும்போது திட்டினாள், துணி மடிக்கும்போது திட்டினாள். "என்னையும் பிள்ளையையும் ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா அந்தாளு அந்த ஒயரைப் பிடுங்கியிருக்க மாட்டானா? மறந்துட்டான். எங்களையே மறந்துட்டான்." இதைக் கேட்டுக் கேட்டு அவன் பெண்ணும் ஒருநாள் வந்து நின்றாள். "அத்தை, அப்பா எங்களை மறந்துட்டாரா?"

அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லத்தான் அவள் இங்கே வந்திருந்தாள். என்ன கிடைக்கும் என்று தெரியாது. அந்த மெஷினைத் தன் கையால் ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மேனேஜர் வந்தான். ஆள் வாட்டசாட்டம். விரலில் சிவப்புக் கல் மோதிரம். சட்டைக் கையில் பிரிண்டரின் நீல மைப்பவுடர் ஈஷியிருந்தது.

"ஏம்மா, உன்னோட சேர்த்து எத்தனை பேர்தான் வருவீங்க? வர்றவனெல்லாம் டிரம்மை மாத்து, பெல்ட்டை மாத்துங்கறான். எல்லாத்தையும் மாத்தியாச்சு. கறை போகல. பார்ட்டிக்கு வீட்டுப் படம் காட்டணும், தாள் பூரா அழுக்கா வந்தா எவன் வீடு வாங்குவான்?"

"சட்டையைப் பச்சைத் தண்ணியில அலசுங்க சார். சுடுதண்ணி பட்டா பவுடர் பிடிச்சுக்கும், அப்புறம் போகவே போகாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ மெஷினைப் பாரு. சீக்கிரம்."

சீக்கிரம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்தாள்.

முதலில் ஒயர். வலப்பக்கம் அடியில் இருந்தது. உருவினாள். கையில் எடுத்ததுமே முகம் சுளித்தது. ஒல்லியான, குட்டையான ஒயர். கம்ப்யூட்டர் மானிட்டருக்குப் போடுகிற ஒயர் இது. வாய் ஒன்றுதான், அதனால் எதிலும் பொருந்தும். ஆனால் இவ்வளவு பெரிய மெஷினுக்கு இதைப் போட்டால் சூடேறும். முன்னால் வந்த எவனோ மாற்றியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு கழுத்தில் போட்டாள். நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை.

முன்கதவைத் திறந்தாள். மைப்பவுடர் அடைத்த டோனர் நான்கையும் உருவி மேடையில் வைத்தாள். டிரம் யூனிட்களை எடுத்து வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் போர்த்தினாள். உள்ளே மெல்லிய பவுடர் படிந்திருந்தது. அதற்கென்று இருக்கிற வேக்குவமில் உறிஞ்சினாள். வீட்டு வேக்குவமை வைத்தால் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதி, அறை முழுக்கப் பவுடராகிவிடும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தாள்.

துடைக்கத் துடைக்க ஒரு வாசனை வந்தது.

சூடான பிளாஸ்டிக் வாசனை இல்லை. பவுடர் வாசனையும் இல்லை.

கிராம்பு.

டோனர் தூசி தொண்டையை அரிக்கிறது என்று அண்ணன் எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வான். அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் ரிசப்ஷன் அக்காகூட இல்லை. போய்விட்டிருந்தாள்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, ஒயரை மாட்டி, சோதனைக்கு ஒரு தாள் அடித்தாள். பளபளவென்று ஒரு மாடிவீட்டுப் படம் வந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில், மேலிருந்து கீழாக ஒரே கறை திரும்பத் திரும்ப.

இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கறை திரும்ப வருகிறதென்றால் மெஷினுக்குள் சுற்றுகிற ஏதோ ஒன்றில் கோளாறு. கறைக்கும் கறைக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தால் எந்த உருளை என்று தெரிந்துவிடும். அளந்தாள். டிரம் இல்லை. பெல்ட் இல்லை. ஹீட்டர் உருளை இல்லை. அந்த இடைவெளி மெஷினில் இருக்கிற எதற்குமே பொருந்தவில்லை.

இன்னொரு தாள் அடித்து அளந்தாள். இடைவெளி குறைந்திருந்தது.

மூன்றாவது தாளில் இன்னும் குறைந்திருந்தது. தாளின் அடியிலிருந்து ஏதோ ஒன்று நெருங்கி நெருங்கி வருகிற மாதிரி.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு மெஷின் தன்னை ஏய்ப்பதா? ஒயரை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் பிரித்தாள். பெல்ட்டைப் பஞ்சு பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தாள். கழிவுப் பவுடர் டப்பாவை மாற்றினாள். லேசர் வெளியே வருகிற கண்ணாடிப் பட்டைகளைத் துடைப்பானால் ஒரே போக்கில் இழுத்துத் துடைத்தாள். எல்லாவற்றையும் பொருத்தி ஒயரை மாட்டினாள்.

அடித்தாள்.

நன்றாகத் துடைத்தால் கறை மங்க வேண்டும். இது தெளிவாகியிருந்தது.

ஈஷல் போல இருந்தது, இப்போது வளைந்த ஒரு கோடாகியிருந்தது. மேலே வளைந்து, இரண்டு பக்கமும் கீழே தொங்குகிற கோடு. முனைகளில் ஏதோ தடிப்பு. எங்கேயோ பார்த்த வடிவம். வாயில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது.

"இன்னுமா முடியல?" மேனேஜரின் குரல் கூடத்திலிருந்து வந்தது. "பார்ட்டி வந்துடுவாங்கம்மா!"

அவள் இன்னொரு தாளை அடித்தாள். அதில் அந்தக் கோட்டின் ஒரு முனைக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டு ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் சாம்பல். அது மட்டும் பளிச்சென்ற மஞ்சள், கோணல் மாணலாகச் சுற்றியிருந்தது.

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஒயர்.

கழுத்தில் கிடக்கிற ஒயர்.

எந்த ஒயர் எந்த மெஷினுடையது என்று குழம்பக்கூடாதென்று அண்ணன் ஒவ்வொன்றிலும் கலர் டேப் சுற்றுவான். இந்த ஆபீஸுக்கு மஞ்சள். அதைச் சுற்றியது அண்ணன் இல்லை, அவன் மகள். சிறுசு அப்போது டேப்பைக் கடித்துக் கடித்துப் பிய்த்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி வைத்தாள். "இந்த ஊர்லயே அசிங்கமான டேப் இதுதான், நான் பிரிக்கவே மாட்டேன்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனான்.

அவள் மெஷினிலிருந்து ஒயரை உருவிக் கழுத்தில் போட்டுத் தடவிப் பார்த்தாள். ஒல்லி ஒயர். டேப் இல்லை. அப்படியானால் இந்த மெஷினுடைய ஒயர் எங்கே?

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"சார், மெஷினோட ஒயர் எங்கே?"

"எந்த ஒயர்? அதான் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறியே." சொல்லிவிட்டு அவள் கழுத்தையே பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. "அதை ஏம்மா கழுத்துல போட்டிருக்க? எடு அதை."

அவள் கீழே குனிந்து அவன் மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

மானிட்டரிலிருந்து தடியான கறுப்பு ஒயர் ஒன்று பாம்பு மாதிரி சுருண்டு சுவருக்குப் போனது. அந்தச் சின்ன மானிட்டருக்குக் கொஞ்சமும் தேவையில்லாத தடிமன். அதன் முனையில், தூசி படிந்து, கோணலாக, மஞ்சள் டேப்.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் ஒயரைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்து ஹீட்டர் யூனிட்டில் கை வைத்திருக்கிறான். இவன் தன் மானிட்டர் ஒயரை உருவிக்கொண்டு வந்து மெஷினில் சொருகியிருக்கிறான். அண்ணன் செத்தான். அதற்கப்புறம் மானிட்டருக்கு ஒயர் இல்லை. பிணத்தின் கழுத்திலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டான்.

ஒரு வருஷம்! செத்தவன் கழுத்திலிருந்து எடுத்த ஒயரில் இந்தப் படுபாவி ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒளித்துவைக்கக்கூடத் தோன்றவில்லை. அது அவனுக்கு வெறும் ஒயர்.

அவள் அதைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. தடி ஒயரையும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இது வயிறு வரைக்கும் தொங்கியது.

"ஏய்! என்ன பண்ற? யாரு நீ?"

"டாக்டரோட தங்கச்சி."

அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தான்.

அப்போது பின்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

மெஷின் விழிக்கிற சத்தம். முதலில் ஃபேன். அப்புறம் உள்ளே உருளைகள் உருள்கிற முனகல். அப்புறம் தாளை இழுக்கிற சரக்.

இரண்டு பேரும் பின்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

சரக்.

"ஆன் பண்ணிட்டா வந்த?" அவன் குரல் அடங்கிப் போயிருந்தது.

அவள் பின்கட்டுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். வராமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. சமையலறைக்குள் நல்ல வெளிச்சம், புகைபோக்கி வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாசனை, கருகிய மயிர் வாசனை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் தாளாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது.

முதல் தாளில் அந்த ஒயர். அடுத்ததில் ஒயருக்குப் பின்னால் ஒரு சட்டையின் காலர், பொத்தான்கள். அதற்கடுத்ததில் ஒரு தாடை, பாதி வாய். எந்தத் தாளிலும் முகம் முழுசாக இல்லை.

பிறகு வந்த தாளில் ஒரு கை இருந்தது.

கழுத்திலிருந்து ஒயரைத் தூக்குகிற கை.

விரலில் சிவப்பாக ஒரு கல்.

"நிறுத்து." மேனேஜர் கிசுகிசுத்தான். "அதை நிறுத்து. ஒயரைப் பிடுங்கு."

"எதைப் பிடுங்கறது சார்? ரெண்டு ஒயரும் என் கழுத்துல இருக்கு."

அவன் மெஷினின் வலப்பக்கம் பார்த்தான். ஒயர் மாட்டுகிற துளை காலியாக, கறுப்பாக இருந்தது. தாள்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் அதே கை, ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

"சூடாகட்டும்னுதான் சொருகினேன்." அவன் அவளிடம் சொல்லவில்லை. மெஷினிடம் சொன்னான். "பார்ட்டி வெளியே உட்கார்ந்திருந்தாங்க. மெஷின் சூடாகறதுக்கே நேரமாகுமே, அதுக்குள்ள சூடாகட்டும்னு… நீ உள்ளே கை வெச்சிருப்பேன்னு நான் நினைக்கல. அஞ்சு நிமிஷம் பொறுங்க சார்னு சொன்ன. எனக்கு அவசரம்."

"அவசரம்," என்றாள் அவள். "உன் அவசரத்துக்கு எங்கண்ணன் உயிரு. அதுக்கும் மேல அவனைக் கவனமில்லாதவன்னு வேற சொன்ன. அவன் பொண்ணுகிட்ட வந்து சொல்லுடா அதை!"

அவன் பாய்ந்து மெஷினின் முன்கதவை இழுத்துத் திறந்தான். ஓடுகிற மெஷினை எவனாவது திறப்பானா? உள்ளேயிருந்து கறுப்புப் பவுடர் குப்பென்று அவன்மேல் அடித்தது. இவள் சற்றுமுன் துடைத்து வைத்த மெஷின் அது. இவ்வளவு பவுடர் அதற்குள் இருக்க வழியே இல்லை. அவன் இருமிக்கொண்டே சுவரோடு சாய்ந்து சரிந்தான்.

மெஷின் நின்றது.

வாசலில் ரிசப்ஷன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியிருந்தாள்.

"நான் பார்த்தேன்மா," என்றாள் மெதுவாக. "அன்னிக்குத் தண்ணி கொண்டுவந்து வெச்சப்ப ஒயர் அவர் கழுத்துலதான் கிடந்துச்சு. வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். உன்னை வாசல்ல பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதே முகம். இப்ப இவரு சொன்னதையும் கேட்டுட்டேன். எங்கே வந்து சொல்லணுமோ வந்து சொல்றேன்."

அவளைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது மெக்கானிக்குக்கு. ஒரு வருஷமாக வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கழுத்தில் ஒயரோடு தெருவில் இறங்கி வண்டியை எடுத்தாள்.

வீட்டில் அண்ணி மேஜைமேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்திலிருந்த தடி ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அண்ணி அலட்சியமாகப் பார்த்தாள். பிறகு அந்த மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். விரலால் தொட்டாள், பல் பதிந்த இடத்தை.

"இது எங்கே இருந்துச்சு?"

"அவன் கழுத்துல, அண்ணி. செத்தப்பவும் கழுத்துலதான் இருந்துச்சு. அந்த மேனேஜர் வேற ஒயரைச் சொருகியிருக்கான். அண்ணன் மறக்கல."

அண்ணி டேப்பிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மடித்த துணிகளையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷத்து அழுகையைச் சேர்த்து அழுதாள். குழந்தை ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அத்தை குனிந்து அதன் காதில் சொன்னாள். "அப்பா உங்களை மறக்கலடா தங்கம்."

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ரிசப்ஷன் அக்கா.

"அவரு ஆபீஸ் பாத்ரூம்லயே குளிச்சுக் குளிச்சுப் பார்க்கறாரும்மா. மத்த இடத்துல எல்லாம் பவுடர் போயிடுச்சு. கழுத்தைச் சுத்தி மட்டும் போகல. ஒயர் போட்ட மாதிரி கறுப்பா வளையம். பச்சைத் தண்ணி, சுடுதண்ணி, எதுக்கும் போகல. தேய்க்கத் தேய்க்கத் தெளிவாகுதுன்னு கத்தறாரு."

"தேய்க்கட்டும்," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

திரும்பினால் மேஜைமேல் ஒயரைக் காணவில்லை.

"அண்ணி, ஒயரை எடுத்தீங்களா?"

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள். கண்கள் கதவுப் பக்கம் இருந்தன. கதவின் பின்னால் கொக்கியில் அண்ணனின் வேலைச் சட்டை தொங்கியது. திட்டினாளே தவிர, ஒரு வருஷமாக அதை எடுக்க அண்ணிக்கு மனசு வந்ததில்லை. அந்தச் சட்டையின் காலரைச் சுற்றி, இரண்டு முனையும் சமமாகத் தொங்க, ஒயர் கிடந்தது. மஞ்சள் டேப் இடப்பக்கம். அவன் எப்போதும் போட்டுக்கொள்கிற விதம்.

குழந்தைக்கு அந்தக் கொக்கி எட்டாது.

அறையில் கிராம்பு மணத்தது. சட்டையின் மார்புப் பகுதி, உள்ளே ஆள் இருக்கிற மாதிரி, மெல்ல ஏறி இறங்கியது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயப்படவில்லை. அவள் முகத்தில் இருந்தது கோபம். மேனேஜர்மேல் போக வேண்டியது, ஒரு வருஷமாக ஆள் மாறி அண்ணன்மேல் விழுந்துகொண்டிருந்த கோபம். சட்டையின் முன்னால் போய் நின்று, காலரைச் சரிசெய்தாள்.

"நாளைக்குக் காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்," என்றாள். "நீங்களும் வாங்க."

கொக்கியில் சட்டை ஒருமுறை ஆடியது. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது.